லாச்சப்பலை மேலிருந்து பார்த்த ஆர்ச்சி ஐயா

செய்தியைக் கொண்டுவந்தவர் மூன்றாம் மாடி மடாம் லூசியேன். அவர் எங்கள் கதவைத் தட்டினால் காரணம் வழக்கமாக இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: ஒன்று கருவாடு, மற்றது நான். அம்மா கதவுத் துளை வழியாகப் பார்த்துவிட்டு ஓடிப்போய் அடுப்பை நூர்த்தார். நான் என் பங்குக்கு அன்று எந்தக் குழப்படியும் செய்யவில்லையே என்று யோசித்தபடி கதவைத் திறந்தேன்.

"லெக்கொஸே போய்விட்டார்" என்றார் மடாம். லெக்கொஸே என்றால் ஸ்கொட்லாந்துக்காரர். ஆறாம் மாடி ஆர்ச்சி ஐயாவை அவர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"எங்கே, பாண் வாங்கவா?" என்று கேட்டேன்.

என்னை ஏசுவதற்கு மடாமிடம் எப்போதும் ஒரு வசனம் சுடச்சுட இருக்கும். அன்று அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. அதிலிருந்துதான் எனக்கு விளங்கியது.

ஜன்னலோரக் கதிரையில் இருந்தபடியே போயிருக்கிறார். ஆவி அடங்கிய தேநீர் பக்கத்தில் இருந்ததாம். வெளியே தண்டவாளங்களின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்ததாம். "நல்ல காலநிலை" என்று மடாம் சொன்னார், அதற்கு அவரே பொறுப்பு என்பதுபோல. அப்பா வேலைக்குப் போக ஒரு சப்பாத்தைப் போட்டபடி, மற்றதைக் கையில் வைத்தபடி, அப்படியே நின்றார். இரண்டு நாளில் எங்கள் கட்டடத்தின் சொந்தக்காரர் கூட்டம். கீழ்த்தளத்துக் கடையை அப்பாவுக்குக் கொடுப்பதா இல்லையா என்று கை உயர்த்தித் தீர்மானிக்கப்போகும் கூட்டம். அதற்குள் ஆர்ச்சி ஐயா போய்விட்டார்.

"நீதானே அவருக்குப் பேர் வச்சனி. அவரைப் பற்றி நீயே எழுது" என்றார் அப்பா, அன்று பின்னேரம். "ஆனால் பகிடி விடாதை."

பகிடி இல்லாமல் ஆர்ச்சி ஐயாவைப் பற்றி எழுதுவது உப்பில்லாமல் கூழ் காய்ச்சுவது போன்றது. அப்பா பொறுத்துக்கொள்ளட்டும்.

அவரை அறியாதவர்களுக்காக: ஸ்கொட்லாந்தின் வடக்கே, மலையும் மழையும் மட்டும் விளையும் ஒரு பள்ளத்தாக்கில் செம்மறி வளர்த்த கமக்காரர் அவர். இளம் வயதில், இரண்டாம் உலகப் போரில், போர் விமானத்தில் பறந்தார். பிறகு லிபரல் கட்சிக்காகத் தேர்தலில் நின்றார். நின்றார், தோற்றார், மறுபடி நின்றார், மறுபடி தோற்றார், கடைசியில் எல்லோரும் களைத்துப்போய் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த தேர்தலில் களைப்பு ஆறித் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இப்படித்தான் அவர் தன் அரசியல் வரலாற்றைச் சொல்வார்.

ஆர்ச்சியை ஆச்சியாக்க எனக்கு ஒரு எழுத்தைத் தின்றால் போதுமாயிருந்தது. பனை உயரம், பீட்ரூட் முகம், ரோமம் கத்தரிக்க மறந்த செம்மறிபோல் இரண்டு புருவம். தெருவில் "ஆச்சி வாறா" என்று அண்ணைமார் சொல்ல, ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் வெற்றிலை மெல்லும் கிழவியை எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்துத் திகைத்துப்போவார்கள். பெயரின் பொருளை ஒருநாள் அவருக்குச் சொன்னேன். குனிந்து வணங்கினார். "ஆட்சியைத்தான் கேட்டேன், கிடைத்தது இது. பாராளுமன்றத்தில் என்னை இதைவிட மோசமாக அழைத்திருக்கிறார்கள்" என்றார். ஆட்சி, ஆச்சி இரண்டுக்கும் உள்ள உறவை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர் அதைத் தன் சொந்தச் சரக்குபோல் தெருவெல்லாம் விற்றார்.

அவர் லாச்சப்பலில் உள்ள எங்கள் கட்டடத்துக்கு வந்தது, நாங்கள் பரிஸுக்கு வந்த அடுத்த குளிர்காலத்தில். மனைவி இறந்த பிறகு பண்ணையை மகளிடம் கொடுத்துவிட்டு, கூரைக்குக் கீழ் உள்ள ஒற்றை அறையை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஈபிள் கோபுரம் தெரியாத, வடக்கு நிலையத்துத் தண்டவாளங்கள் மட்டும் தெரிகிற அறை. ஏன் இந்த ஊர், ஏன் இந்த ஜன்னல் என்று யார் கேட்டாலும், "இங்கே மழைக்கு மரியாதை தெரியும், இடையிடையே நிற்கிறது" என்பார்.

படிக்கட்டில் ஒரு நாள் அவர் யாருடனோ ஆங்கிலம் பேசுவதைக் கேட்டு அப்பா வாசலுக்கு ஓடினார். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர் அப்பா. இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். பிரெஞ்சு வராததால் நாள் முழுக்க ஊமையாக இருந்துவிட்டு வருபவருக்கு, ஆங்கிலம் காதில் விழுந்தது கிணற்றடியில் துலா கிறீச்சிட்டதுபோல் இருந்திருக்கும். அன்றுமுதல் ஆர்ச்சி ஐயாவின் ஆங்கிலம் அப்பாவுக்கு, பிரெஞ்சு எனக்கு, உச்சரிப்பு கடவுளுக்கு மட்டும் விளங்கும் என்று ஏற்பாடாயிற்று. இங்கே அவர் வார்த்தைகளை என் தமிழில் தருகிறேன்.

தமிழில் காலை வணக்கம் எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டபோது, முகத்தை மிகவும் பணிவாக வைத்துக்கொண்டு, "வயிறு பசிக்குது" என்று சொல்லிக்கொடுத்தேன். அடுத்த நாள் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து அம்மாவிடம் அதைச் சொன்னார். அம்மா பதறிப்போய் உள்ளே கூட்டிவந்து இடியப்பமும் சொதியும் வைத்தார். நகைக்கடை அண்ணையிடம் சொன்னார், ரோல்ஸ் கிடைத்தது. வீடியோக் கசெட் கடையில் சொன்னார், வடை கிடைத்தது. என் குட்டு சீக்கிரமே வெளிப்பட்டது. ஆனாலும் அவர் வணக்கத்தை மாற்றவில்லை. "வாழ்நாள் முழுக்க மேடையில் பேசியிருக்கிறேன். இவ்வளவு பலன் தந்த வசனம் ஒன்றுகூட இல்லை" என்றார்.

பொங்கலுக்கு அவர் தன் ஊர்ப் பாவாடை கட்டிக்கொண்டு வந்தார். அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்து, "எடியே, உது என்னடி, பாதிச் சாரம்? மிச்சத் துணி எங்கையாம்?" என்றார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். "மிச்சத்தை வரி என்று அரசாங்கம் எடுத்துக்கொண்டது, லிபரல் வந்திருந்தால் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்கும்" என்றார். குறிப்பாக ஏன் லிபரல் என்று அப்பா அன்று கேட்டார். ஆர்ச்சி ஐயா பொங்கலை ஊதி ஊதி ஆறவைத்தபடி யோசித்துச் சொன்னார்: "எங்கள் பக்கத்தில் நிறைய நிலம் இருப்பவன் ஒரு கட்சி. நிறையக் கோபம் இருப்பவன் மற்றக் கட்சி. என்னிடம் கொஞ்சம் நிலமும் கொஞ்சம் கோபமும் இருந்தன."

அவர் தன் ஊரைச் சொல்லும்போது கேட்பவர்களுக்கும் கண் சொருகும். மலை முகில் இறங்கிப் பண்ணையை மூடிவிட்டால் செம்மறிகள் தெரியாதாம், இருமல் மட்டும் கேட்குமாம். மனிதர்போலவே இருமுமாம். வாக்குக் கேட்டுப் போன ஒரு பனிக்காலையில் ஒரு கமக்காரர் நிற்கிறார் என்று நினைத்து முகிலுக்குள் நின்று நீண்ட நேரம் தன் கொள்கையை விளக்கினாராம். முகில் விலகியபோது வேலிக்கு அப்பால் ஒரு கிடாய். "மறுத்துப் பேசவில்லை. அந்தத் தேர்தலில் நான் பெற்ற மிக மரியாதையான வரவேற்பு அது." அவர் சொல்லி முடித்ததும் ஜன்னலுக்கு வெளியே லாச்சப்பலும் கொஞ்சம் முகிலாகத்தான் தெரியும்.

இனிக் கடைக் கதை.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடந்த ஒரு கடை இருந்தது. அதன் சொந்தக்காரர் அப்பாவுக்கு வாடகைக்கு விடச் சம்மதித்தார். ஆனால் உணவுப்பொருள் விற்கும் கடை என்றால் கட்டடத்தில் வீடு வைத்திருக்கும் எல்லோரும் கூடி வாக்களித்து அனுமதிக்க வேண்டும் என்பது விதி. அப்பாவின் கைகளை அப்போது பார்த்திருக்க வேண்டும். சவர்க்காரத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் மடிப்புகள் பிளந்து, சோற்றில் உப்பு கூடினால் துடிப்பார். அந்தக் கடை கிடைத்தால் அந்தத் தண்ணீரிலிருந்து கையை எடுக்கலாம். எங்கள் வீட்டில் அதைத் தவிர வேறு கதை இல்லை.

ஆர்ச்சி ஐயாவுக்குத் தேர்தல் என்று கேட்டதும் ஒரு பத்து வயது குறைந்துவிட்டது. எங்கள் மேசையில் உட்கார்ந்து பிரசார விதிகளைச் சொன்னார். கதவைத் தட்டியதும் இரண்டு அடி பின்னால் நில், திறப்பவர் பயப்படக் கூடாது. முதல் தடவை வாக்குக் கேட்காதே, அவர்களுக்கு என்ன குறை என்று கேள். "அதோடு, ஒருவர் உன்னைத் தப்பாகப் புரிந்துகொண்டு வாக்குத் தருகிறேன் என்றால் வாங்காதே. திருத்திவிடு. இன்னொருவன் வீட்டுச் செம்மறி உன் பட்டிக்குள் வந்தால் திருப்பி விடுவதில்லையா, அப்படி."

"உதாலைதான் உவர் தோத்தவர் போலை" என்று அப்பா எனக்குத் தமிழில் சொன்னார்.

அப்பா அந்த விதிகளைத் தன் வழியில் விளங்கிக்கொண்டார். ஒருவரிடம் ஒன்றைக் கேட்காமல் கேட்பது என்றால் யாழ்ப்பாணத்தானுக்கு ஒரே முறைதான் தெரியும்: கலியாணத்துக்குச் சொல்லப் போகும் முறை. புருஷனும் பெண்சாதியும் சோடியாகப் போகவேண்டும். அப்பா பட்டு வேட்டி, அம்மா காஞ்சிபுரம், தட்டத்தில் வாழைப்பழமும் பலகாரமும், அதன்மேல் குங்குமச் சிமிழ். முதலாம் மாடிப் பல்வைத்தியர் கதவைத் திறந்து, ஏதோ கோயில் பணம் சேர்க்கிறார்கள் என்று நினைத்துச் சில்லறை எடுக்க உள்ளே ஓடினார். இரண்டாம் மாடியில் திருமண வாழ்த்துச் சொல்லி அம்மாவின் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தம் கொடுத்தார்கள். அம்மா அதன் பிறகு இரண்டாம் மாடியைத் தாண்டும்போதெல்லாம் கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டார்.

"எங்கள் கட்சிக்காரருக்கு ஆயுள் முழுக்க இதைத்தான் சொன்னேன்" என்றார் ஆர்ச்சி ஐயா, படியில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி. "பட்டுடுத்திப் போங்கள் என்று மட்டும் சொல்லத் தோன்றவில்லை."

மிச்சம் இருந்தது மடாம் லூசியேன். இரண்டு வீடு அவர் பெயரில் இருந்ததால் அவர் கைக்குப் பாரம் கூட. அவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கடை. எங்கள் தட்டத்தை அவர் கதவுச் சங்கிலியை எடுக்காமலே பார்த்து, "நான் ஒன்றும் வாங்குவதில்லை" என்று சாத்திவிட்டார். ஆகவே ஆர்ச்சி ஐயா தானே போனார். அவருடைய பிரெஞ்சை பிரெஞ்சாக்குவதற்கு என்னையும் கூட்டிப்போனார்.

மடாம் அவரை வரவேற்றார். அறையில் மெழுகு மணம். கோப்பியும் வந்தது. என்னைக் கதிரையின் நுனியில் உட்காரச் சொன்னார். நடுவில் உட்கார்ந்தால் உடைத்துவிடுவேனாம். ஆர்ச்சி ஐயா அவருடைய முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டார், தண்ணீர்க் குழாய்ச் சத்தத்தைப் பற்றிக் கேட்டார். கடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மடாமே திறந்தார்.

"இந்தப் பெண்ணின் வெங்காயக்கார அப்பாவுக்காக அல்ல. உங்களுக்காக நான் கை உயர்த்துகிறேன். நீங்கள் போரில் பறந்தவர். உங்கள் ஆட்கள்தான் எங்களை விடுவித்தார்கள்."

என் கால் மேசைக்குக் கீழே தானாக ஆடத் தொடங்கியது. மேலே ஓடிப்போய் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வசனம் கட்டிக்கொண்டிருந்தேன்.

மடாம் கோப்பையைத் துடைத்தபடி தொடர்ந்தார். விடுதலைக்கு முந்திய வசந்த காலத்தில், ஜெர்மன்காரர் கையிலிருந்த இந்த ரயில் முற்றத்துக்குக் குண்டு போட்டபோது, அடுத்த தெருவில் இருந்த தன் தங்கை வீட்டோடு போனாள் என்றார். "அது அமெரிக்கர்கள். கண்ணை மூடிக்கொண்டு உயரத்திலிருந்து போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆங்கிலேயர் அப்படி இல்லை. பார்த்துப் போடுவார்கள். என் கணவர் எப்போதும் சொல்வார்."

ஆர்ச்சி ஐயா கோப்பியை மேசையில் வைத்தார்.

"மடாம், அது நாங்கள்தான்."

அவர் பிரெஞ்சு அப்போது என் உதவி இல்லாமலே நேராக இருந்தது. விமானத்தின் மூக்கில் குப்புறப் படுத்து, கீழே பார்த்து, விசையை அழுத்துவது தன் வேலை என்றார். அன்றிரவு வானத்தில் இலக்குக் காட்டும் வெளிச்சங்கள் பச்சையும் சிவப்புமாகத் தொங்கின, அவசரமே இல்லாமல் பூப்போல இறங்கின என்றார். தண்டவாளங்கள் மீன் வலைபோல மினுங்கின. தான் பார்த்துத்தான் போட்டதாகச் சொன்னார். பார்த்தும் எல்லாம் வலைக்குள் விழவில்லை. வீடுகள் இருந்த பக்கமும் வெளிச்சம் எழும்பியதைக் கண்டார். பிறகு அந்தக் காட்சி கனவாகி அவரை விட்டுப் போகவில்லை. உழும்போதும், பாராளுமன்றத்தில் இருக்கும்போதும், அந்தப் பூக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. "மேலிருந்து மட்டும் பார்த்த ஊரைக் கீழிருந்து பார்க்க வேண்டும் என்று வந்தேன்" என்றார்.

மடாம் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். நாங்கள் வெளியேறியதும் சங்கிலி மாட்டுகிற சத்தம் கேட்டது.

அப்பா கொதித்துப்போனார். "உண்மை சொல்லுறதுக்கு உமக்கு வேறை நாள் கிடைக்கேல்லையே! கூட்டம் முடியச் சொல்லியிருக்கலாம்தானே!" என்று கத்தினார். ஆங்கிலம் மறந்து தமிழிலேயே கத்தினார். நான் மொழிபெயர்த்தேன், கொஞ்சம் காரம் குறைத்து.

"வாங்கிய பிறகு சொன்னால் அது களவு" என்றார் ஆர்ச்சி ஐயா.

"களவெண்டால் களவு! உவருக்கென்ன, உவற்றை கையே வெடிச்சுக் கிடக்கு?" இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அப்பா கையை நீட்டிக்கொண்டு நின்றார். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

கூட்டத்தில் மடாம் எதிராகக் கை உயர்த்தினார். கடை போயிற்று. அப்பா கோப்பைகளுக்குத் திரும்பிப் போனார்.

அப்பாவுக்குக் கோபம் வாக்கில். அம்மாவுக்குக் கோபம் வேறு. ஊரில் அப்போது எங்கள் பக்கத்துக்கு மேலே விமானங்கள் வந்து குண்டு போட்டுக்கொண்டிருந்தன. சின்னம்மா பிள்ளைகளோடு பங்கருக்குள் இருந்து எழும்பிவந்து, எப்போதாவது கிடைக்கும் டெலிபோனில் பேசுவா. அடுத்த நாள் காலை ஆர்ச்சி ஐயா வாசலில் தொப்பியைக் கழற்றி, "வயிறு பசிக்குது" என்றபோது அம்மா தட்டு எடுக்கப் போகவில்லை. கதவையும் சாத்தவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"கேள் பிள்ளை. மேலை இருந்து போடுறவைக்குக் கீழை ஆர் இருக்கினம் எண்டு தெரியாதோ எண்டு கேள்."

கேட்டேன். அவர் தொப்பியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியும். தெரியாதவன்போல் படுத்திருந்தேன்."

அம்மா உள்ளே போனார். குசினியில் ஒரு பாத்திரம் விழுந்தது, இல்லை வைக்கப்பட்டது. வெகு நேரம் கழித்துத் தட்டோடு வந்தார். மேசையில் வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "அங்கை எங்களுக்குப் போடுறவங்கள் ஒருத்தனும் வந்து கதவைத் தட்டமாட்டாங்கள். இந்த மனுசன் தட்டினது. சாப்பிடச் சொல்லு."

அவர் சாப்பிட்டார். அன்று அவருடைய புருவங்கள் தட்டை விட்டு எழும்பவே இல்லை. நானும் அன்று ஒரு பகிடியும் விடவில்லை. எங்கள் வீட்டில் இன்றும் அதை அதிசயமாகச் சொல்வார்கள்.

அப்பாவுக்குக் கோபம் ஆற அதைவிட நாள் எடுத்தது. படியில் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவார். ஒரு நாள் எங்கள் வாசலில் ஒரு தகரப் பேணி இருந்தது. உள்ளே மஞ்சளாய்ப் பிசுபிசுவென்று ஏதோ. செம்மறி ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு அது. மகளுக்குச் சொல்லி ஊரிலிருந்து எடுப்பித்திருக்கிறார். ரோமம் கத்தரிக்கிறவர்களின் கை ஆயுளுக்கும் பிளக்காதாம். அப்பா அதைக் குப்பையில் போடச் சொன்னார். பிறகு ஜன்னலில் வைக்கச் சொன்னார். பிறகு ஒரு நாள் வேலையால் வந்து, தானே எடுத்துப் பூசினார்.

"ஆட்டு மணம்" என்று முகத்தைச் சுழித்தார்.

"கோவத்தை விடாதேங்கோ" என்றார் அம்மா. "பூசிக்கொண்டே கோவியுங்கோ."

பூசிக்கொண்டே எவ்வளவு காலம்தான் கோபிக்கலாம்? மடிப்புகள் மூடின. ஒரு ஞாயிறு அப்பா ஆறாம் மாடிக்கு ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். "வாற வருசக் கூட்டத்துக்கு நானே கேக்கிறன்" என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "நீங்கள் வரவேண்டாம். ஒரு சொல்லும் சொல்லவேண்டாம்." ஆர்ச்சி ஐயாவின் முகத்தில் எழுந்த சந்தோஷத்தைப் பார்த்தால், அவர் வென்ற அந்த ஒரே தேர்தலிலாவது இவ்வளவு சந்தோஷப்பட்டாரா என்று சந்தேகம் வரும்.

இதற்கிடையில் மடாமும் ஏறியிருந்தார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு பின்னேரம் அவர் தானாகவே ஆறாம் மாடிக் கதவைத் தட்டி, "நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள், முழுவதையும்" என்று கேட்டாராம். அவர் மேலிருந்து கண்டதைச் சொன்னார். இவர் கீழிருந்து கண்டதைச் சொன்னார். ஒருவரிடம் வெளிச்சம் இருந்தது, மற்றவரிடம் சத்தம் இருந்தது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. இருவரும் ஜன்னலடியில் உட்கார்ந்து சண்டை பிடிப்பார்கள்; எந்தத் தெரு முதலில், எந்த நேரம் காற்று எந்தப் பக்கம் என்று. சண்டை முற்றினால் மடாம் எழும்பிப் போய்விடுவார். அடுத்த நாள் மறுபடி ஏறுவார். நான் தேநீர் கொண்டுபோகும் சாட்டில் எட்டிப் பார்த்திருக்கிறேன். பேசாமல் இருக்கும் நேரங்களில் இருவரும் ஒரே கனவை இரண்டு ஓரங்களில் பிடித்து மடிப்பவர்கள்போல் இருப்பார்கள்.

அப்பா மூன்றாம் மாடிக்குப் போனது போன மாதம். பட்டு வேட்டி இல்லை, தட்டம் இல்லை, என்னையும் வாசலோடு நிற்கச் சொல்லிவிட்டார். பிரெஞ்சு வசனங்களை வேலைக்குப் போகிற மெத்ரோவில் பாடமாக்கியிருந்தார்.

"மடாம், நான் கடை திறக்க விரும்புகிறேன். கருவாடு விற்பேன். அது மணக்கும். மூடி போட்டு வைப்பேன். மூடி போட்டாலும் மணக்கும்."

நான் வாசலில் தலையில் அடித்துக்கொண்டேன். பாடமாக்கியதில் இந்தக் கடைசி வசனம் இருக்கவில்லை.

மடாம் அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "மணக்காது என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன்" என்றார். வாக்கு இன்ன பக்கம் என்று சொல்லவில்லை. ஆனால் சங்கிலி எடுத்திருந்தது.

இதை மேலே போய்ச் சொன்னபோது, ஆர்ச்சி ஐயா கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நாளாகவே அவருக்கு மூச்சு இளைத்தது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ போய்விட்டு வருவார். "எனக்கு இந்த முறை தோல்வியே இல்லை" என்றார். "மடாம் வேண்டாம் என்றாலும், கண்ணைத் திறந்துகொண்டு வேண்டாம் என்பார்."

"உங்களுக்குப் பரவாயில்லை ஐயா, எங்களுக்குக் கடை வேணும்" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்று கண்ணைத் திறக்காமலே சிரித்தார். நான் அவரிடம் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

கூட்டம் சொன்ன நாளில் நடந்தது. இறந்தவரின் வாக்கு சேராது என்று நிர்வாகி முதலிலேயே அறிவித்தார். அவருடைய சின்ன அறைக்கு இருந்த சின்ன வாக்கும் இல்லாமல் போயிற்று. பல்வைத்தியர் எதிராகக் கை உயர்த்தினார். இரண்டாம் மாடியார் ஆதரித்தார்கள். அம்மா கன்னத்தை மூடிக்கொண்டார். மடாம் கறுப்பு உடுப்பில், கைப்பையை மடியில் இறுக்கியபடி இருந்தார். அப்பா தன் கைகளைக் கால்களுக்கு நடுவில் ஒளித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். கடையை ஆதரிப்பவர்கள் என்று நிர்வாகி மறுபடி கேட்டபோது மடாம் கையை உயர்த்தினார். முழங்கால்போல் தோளும் நோகும் போலிருக்கிறது, மெதுவாகத்தான் ஏறியது. ஆனால் ஏறியது.

"ஸ்கொட்லாந்துக்காரரின் நினைவுக்காகவா?" என்று பல்வைத்தியர் கேட்டார்.

"இல்லை. இறந்தவர்களுக்காக நான் கை உயர்த்துவதில்லை. அவரோடு எனக்குச் சண்டை இன்னும் முடியவில்லை" என்றார் மடாம். "இந்த மனிதர் மணக்கும் என்று நேரில் வந்து சொன்னார். மணந்தால் நானும் நேரில் போய்ச் சத்தம் போடுவேன். அதற்குக் கடை இருக்க வேண்டும்."

நான் அப்பாவுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். விளங்கிவிட்டது என்றார்.

நேற்று அவருடைய மகள் சாம்பலை எடுத்துக்கொண்டு ரயிலில் ஊருக்குப் புறப்பட்டார். அந்தப் பெண்ணுக்கும் அதே புருவம். பயணத்துக்கு வெறுங்கையோடு விடக் கூடாதென்று அம்மா ஒரு பொதி கட்டிக்கொடுத்தார். நிலையத்துக்குள் போய்க் கூட்டத்தில் முட்டுப்படாமல், நாங்கள் தண்டவாளங்களுக்கு மேலே உள்ள இரும்புப் பாலத்தில் போய் நின்றோம். மடாமும் வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெற்குப் பக்கம் பார்த்தபடி நின்றோம். பின்னேர வெயில் மெல்லியதாக எல்லாவற்றிலும் கிடந்தது.

ரயில் வளைவில் தெரிந்தது.

"எந்தப் பெட்டியிலை இருக்கிறார்?" என்று அப்பா கேட்டார்.

மகளிடம் கேட்டுவைக்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. "தெரியாதப்பா."

முதற் பெட்டி பாலத்துக்குக் கீழே நுழைந்தபோது அப்பா கையை அசைத்தார். இரண்டாவதற்கும் அசைத்தார். ஒரு பெட்டியையும் விடவில்லை. உள்ளே இருந்த யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் திகைத்துப்போய்த் திருப்பிக் கை காட்டினார். அம்மா காட்டினார், நானும் காட்டினேன். மடாம் கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, நோகிற தோளை மறந்து, கடைசிப் பெட்டி வடக்கே சென் தெனிப் பக்கம் சின்னதாகிற வரைக்கும் காட்டிக்கொண்டு நின்றார்.

ஆர்ச்சி ஐயா, நீங்கள் எந்தப் பெட்டியில் இருந்தீர்களோ, அதற்குக் காட்டிய கை உங்களுக்குத்தான். போயிட்டு வாருங்கோ.